பன்னிரண்டு பேணிகளும் எட்டு வண்டில் சருகும்

அடுத்தவன் பொருளில் கைவைக்காதவன் என்று வீரகத்திக்கு அந்தக் குடியேற்றத்தில் ஒரு பேர் இருந்தது. சும்மா வந்த பேர் அல்ல. கோடையில் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத் திறக்கும் நாட்களில், ஆள் பாராத நேரம் பக்கத்து வயலின் வரம்பில் மண்வெட்டியால் ஒரு கொத்துப் போட்டுவிடாத கமக்காரர் அங்கே குறைவு. வீரகத்தி அந்தக் குறைந்த பேரில் ஒருவன். நெல் கருகினாலும் தன் முறை வரும்வரை வரம்பில் குந்தியிருப்பான். வாய்க்காலில் சண்டை வந்தால், "வீரகத்தியைக் கேளுங்கோ, அவன் பொய் சொல்லான்" என்பார்கள். அவன் ஒரு பக்கம் தலையசைத்தால் வழக்கு முடிந்தது.

ஐம்பத்துநாலாம் ஆண்டு அவனும் கமலாசனியும் வடமராட்சியிலிருந்து வந்தார்கள். சகோதரர் ஐந்து பேருக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு நாலு பாத்திகூட மிஞ்சாத காணியை அங்கே விட்டுவிட்டு, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் தெருவில் நாலாம் மைல்கட்டைக்கு உள்ளே, அரசாங்கம் கொடுத்த வயலையும் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியையும் நம்பி வந்தார்கள். வயல் சோறு போட்டது. மேட்டுக்காணிதான் ஏமாற்றியது. மேலே நாலு விரல் மண், கீழே முழுக்கக் கிறவல் கல். மிளகாய்க் கன்று நட்டால் ஒரு சாண் வளர்ந்து சுருண்டுவிடும். "இது மண் இல்லை, ஓடு" என்று கமலாசனி காலால் தட்டிக் காட்டுவாள்.

ஊரிலே தகப்பன் பச்சைக் குழை வெட்டி மண்ணில் புதைத்து, சருகு பரப்பி, கல்லுப்போல் கிடந்த நிலத்தைப் பஞ்சாக்கியது வீரகத்திக்கு ஞாபகம் வரும். இங்கே சருகுக்கு என்ன குறை, சுற்றிவரக் காடுதானே. ஆனால் காடு அரசாங்கத்தினுடையது. பெர்மிற் கடுதாசி இல்லாமல் வண்டிலோடு உள்ளே போனால் காட்டுக்காவலர் மாட்டையும் வண்டிலையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார். வீரகத்தி போனதில்லை.

அறுபத்தோராம் ஆண்டு புரட்டாசியில் விமலேஸ்வரி மிஸ் வந்தார்.

கொழும்பில் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர், ஒரு பெரிய படிப்புக்காகக் காட்டிலே ஏதோ ஆராயப்போகிறார் என்று மாங்குளம் முழுக்கக் கதை. அவருடைய சித்தப்பா மாங்குளத்தில் ஸ்டேசன் மாஸ்டர். அவர் வீட்டில்தான் தங்கினார். முப்பது வயதிருக்கும். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, கீழே ஆண்களின் நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். சந்தியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த அப்புத்துரை, அவர் என்ன ஆராய்கிறார் என்று விசாரித்து அறிந்ததும் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது.

"சிலந்தி எண்ணுறாவாம்! மரத்திலை இருக்கிற சிலந்தியுமில்லை, நிலத்திலை ஓடுற சிலந்தியாம்!"

காவலுக்கு நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும் என்று மிஸ் கேட்டபோது எல்லோரும் வீரகத்தியின் பேரைச் சொன்னார்கள்.

மிஸ் மூன்று இடங்களைத் தெரிந்தெடுத்திருந்தார். ஒன்று, பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நின்ற பழங்காடு. மற்றது, மரம் தறித்துக்கொண்டு போய்ப் பற்றை மூடிய காடு. மூன்றாவது, நெருப்பு வைத்துத் துப்புரவாக்கித் தேக்கு நட்ட இடம். ஒவ்வொன்றிலும் பால் வந்த வெறும் தகரப் பேணிகள் பன்னிரண்டை, வாய் நிலமட்டத்துக்கு வரும்படி மண்ணில் புதைத்தார்கள். உள்ளே கொஞ்சம் மருந்துத் தண்ணீர். மழை விழாமல் மூன்று கல்லில் ஒரு மரப்பட்டையைக் கூரையாக வைத்தார்கள். நிலத்தில் ஓடித் திரிகிற சிலந்தி தவறி உள்ளே விழும். கிழமைக்கு ஒருதரம் அதைப் போத்தலில் எடுத்து எண்ணவேண்டும்.

முதல் நாள் மிஸ் பழங்காட்டில் முழங்காலிட்டு, சருகுக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டார். "நீங்களும் விட்டுப் பாருங்கோ அண்ணை" என்றார்.

வீரகத்தி விட்டான். மேலே காய்ந்த சருகு. அதற்குக் கீழே ஈரமாய், கறுத்து, பாதி உக்கிய சருகு. அதற்கும் கீழே வேரும் பூஞ்சணமும் பின்னிக் குளிர்ந்து கிடந்த மண். வெளியில் வெயில் நெருப்பாய் எரித்துக்கொண்டிருந்தது, உள்ளே கைக்குக் குளிர்ந்தது. அவனுடைய விரல்களுக்குப் பக்கத்தால் மண்ணிறச் சிலந்தி ஒன்று, முட்டைப் பையை வயிற்று நுனியில் ஒட்டி இழுத்துக்கொண்டு ஓடியது.

"இதுகள் வலை கட்டிக் குந்தியிருக்கிற சாதியில்லை. ஓடித் திரிஞ்சு பிடிச்சுத் தின்னுறதுகள்" என்றார் மிஸ். "நிழலும் ஈரமும் சருகின்ரை தடிப்பும் எப்பிடியோ, அப்பிடித்தான் இதுகளின்ரை தொகையும் இருக்கும் எண்டு நான் நினைக்கிறன். நினைச்சால் காணாது, எண்ணிக் காட்டவேணும். அதுக்குத்தான் உங்களைக் கேக்கிறன். இந்த இடத்திலை ஒரு சருகுகூட அசையக்கூடாது. மாடு வரக்கூடாது, ஆள் வரக்கூடாது."

"ஒரு இலை அசையாது மிஸ்" என்றான் வீரகத்தி. அந்த நேரம் அவன் மனதாரத்தான் சொன்னான்.

மிஸ் மாதம் ஒருதரம் கொழும்பிலிருந்து ரயிலில் வருவார். கிழமைக்குக் கிழமை பேணி மாற்றிப் போத்தல் நிரப்புகிற வேலைக்கு முல்லைத்தீவிலிருந்து கிறகோரி வந்தார். கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்களில் அவருக்கு அங்கே தொழில் இல்லை. ரயில் பாதையில் வேலை செய்த மருமகனோடு மாங்குளத்தில் தங்கிக்கொண்டார். நாற்பத்தைந்து வயது, அகன்ற நெஞ்சு, அதிகம் பேசாத மனிதர். காட்டுக்குள் நுழையுமுன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். "கடலிலை எது எங்கையிருந்து வரும் எண்டு தெரியும் தம்பி. இஞ்சை கரடி எந்தப் பத்தைக்குள்ளாலை வருமோ?" என்று ஒருநாள் கடையில் சொல்லிவிட்டார். அப்புத்துரை அதைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தான். ஆனால் கிறகோரி ஒரு கிழமையும் தவறாமல் உள்ளே போனார். வண்டில் பாதையின் வாசலில் காவல் இருந்த வீரகத்திக்கு அது நன்றாகத் தெரியும்.

முதல் இரண்டு மாதமும் பழங்காட்டுப் போத்தலில் கிழமைக்கு முப்பது, நாற்பது சிலந்தி வந்தது. தறித்த காட்டில் அதில் பாதி. தேக்குக்குள் ஐந்தோ ஆறோ. மிஸ் ஒரு கொப்பியில் எழுதி எழுதி மகிழ்ந்தார்.

மார்கழியில் மழை விட்டதும் கமலாசனி நாற்றுமேடையில் இருந்த மிளகாய்க் கன்றுகளைக் காட்டினாள். "இந்த முறையும் இந்த ஓட்டிலைதான் நடப்போறமோ?" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள்.

வீரகத்தியின் சட்டைப் பையில் மிஸ் எடுத்துக் கொடுத்த பெர்மிற் இருந்தது. பழங்காட்டு ஆராய்ச்சி இடத்துக்கு வேலையாகப் போய்வர அனுமதி என்று அதில் எழுதியிருந்தது. வேறு எந்தப் பாதையால் போனாலும் காவலர் மறிப்பார். அந்தப் பாதையால் போனால் மறிக்கமாட்டார். அன்று அவன் தன் ஒற்றைமாட்டு வண்டிலைப் பூட்டினான். பேணிகளைத் தொடுவதில்லை, பேணிக்கும் பேணிக்கும் நடுவில் மட்டும் ஒரு வண்டில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு வண்டில் இரண்டு பாத்திக்குக்கூடப் போதவில்லை. மூன்று கிழமைக்குள் எட்டு வண்டில் எடுத்தான்.

கவனமாகத்தான் எடுத்தான். மிஸ் சருகின் தடிப்பை அடிமட்டம் வைத்து அளப்பது பேணிக்குப் பக்கத்தில் அடித்த முளையடியில் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு பேணியைச் சுற்றியும் ஒரு கை நீளத்துக்குச் சருகை அப்படியே விட்டான். மற்ற இடமெல்லாம் கறுத்த அடிச்சருகு வரை கடகப்பெட்டியில் வாரி அள்ளிவிட்டு, மேலே காய்ந்த இலையை மெல்லியதாய்த் தூவினான். ஒவ்வொரு தரமும் வெளியே வந்தபின் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாட்டில் நின்று, யாராவது பார்த்தார்களா என்று தெருவை மேலும் கீழும் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தரமாக அப்படிப் பார்த்தான்.

தையில் பழங்காட்டுப் போத்தல்கள் வெறுமையாக வரத் தொடங்கின. இருபது, பதினான்கு, பிறகு ஒன்பது. சிலந்திக்குப் பதிலாக எறும்பு வந்தது.

தை கடைசியில் மிஸ் வந்தார். நேரே காட்டுக்குப் போய் முளையடியில் அளந்தார். சருகு முன்போலவே நாலு அங்குலம் இருந்தது. மேலே மரங்கள் நின்றன, நிழலும் குறையவில்லை. மழைக்கும் குறைவில்லை. அப்படியென்றால் சிலந்தி ஏன் குறைந்தது? நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மாங்குளம் சந்தியில், அப்புத்துரை கடை வாங்குப் பலகையில், கிறகோரி போத்தல்களோடு காத்திருந்தார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வாசலில் வீரகத்தி மாட்டோடு நின்றான்.

"கிறகோரியண்ணை, நான் கேக்கிறனெண்டு குறை நினைக்காதேங்கோ" என்றார் மிஸ். "நீங்கள் பழங்காட்டுக்கு ஒவ்வொரு கிழமையும் உள்ளுக்குப் போறனீங்களோ?"

"போறனான் மிஸ்."

"பன்ரண்டு பேணியிலை ஒன்பது சிலந்தி. அளந்து பாத்தன், அங்கை ஒண்டும் மாறேல்லை. பேணியைத் திறந்து பாக்காமல், வெளியிலை இருந்து போத்தலை நிரப்பினால்தான் இப்பிடி வரும்."

உள்ளிருந்து அப்புத்துரை, "கரடிக்குப் பயமெண்டு அவரே சொன்னவர்தானே மிஸ்" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கிறகோரியின் முகம் மெல்லக் கறுத்தது. "நான் போனனான்" என்றார் மறுபடி.

மிஸ் வீரகத்தி பக்கம் திரும்பினார். "வாசல்லை நிக்கிறது நீங்கள். நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

கடை முழுவதும் அவனைப் பார்த்தது. கிறகோரியும் பார்த்தார். வீரகத்தி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தான். அதன் முறுக்கை ஒருதரம் பிரித்தான், திரும்ப முறுக்கினான்.

"நான் மாடு கன்று வராமல் பாக்கிறனான் மிஸ்" என்றான். "அவர் உள்ளுக்குப் போறதை வாறதை நான் கவனிக்கிறேல்லை."

பொய் சொல்லான் என்று பேர்பெற்ற ஒருவன் "தெரியாது" என்றால், அதன் பொருள் என்ன என்று அங்கே எல்லோருக்கும் விளங்கியது. மிஸ்ஸுக்கும் விளங்கியது. கிறகோரி ஒரு கணம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போத்தல் பையை வாங்கில் மெதுவாக வைத்தார்.

"சரி மிஸ்" என்றார். முல்லைத்தீவு பஸ் வந்தது, ஏறிப் போனார்.

அந்த மாசியில் வீரகத்தியின் மேட்டுக்காணி ஊருக்கே புதினமாய் இருந்தது. மிளகாய் இடுப்பளவு வளர்ந்தது. கிளை தாங்காமல் காய் தொங்கியது. வேலிக்கு அப்பால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "வீரகத்தியின்ரை கை ராசியான கை" என்றார்கள். அவனுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருக்கும். வீட்டுக்குள் போய்விடுவான்.

கிறகோரியின் வேலையையும் இப்போது அவன்தான் பார்த்தான். ஒவ்வொரு கிழமையும் பேணியை எடுக்கக் குனியும்போது, தான் வாரிய நிலம் வெறும் மொட்டையாய்க் காய்ந்து வெடித்துக் கிடப்பது தெரியும். ஒருநாள் ஒரு பேணியில் ஒன்றுமே இல்லை. மருந்துத் தண்ணீரில் அவனுடைய முகம்தான் தெரிந்தது. மரப்பட்டையை அவசரமாக மூடினான். தோட்டத்திலே நிலைமை வேறு. பாத்தியில் சருகைக் கிளறினால் சிலந்தி நாலு பக்கமும் ஓடும். காட்டிலிருந்து வண்டிலேறி வந்தவை அங்கே பெருகியிருந்தன. கமலாசனிக்கு அது பெருமை. "பாருங்கோ, ஒரு பூச்சி புழு அண்டுதில்லை. எல்லாத்தையும் இதுகள் தின்னுது."

பங்குனியில் மிஸ் வந்தபோது கமலாசனி அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வீரகத்திக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மிஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். கமலாசனி அவரை நேரே தோட்டத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டாவது பாத்தியில் மிஸ் நின்றார். அவருடைய செருப்புக்கு முன்னால் ஒரு சிலந்தி ஓடியது. முதுகு நிறையக் குஞ்சுகள். அவர் குனிந்தார். பிறகு அன்று காட்டில் செய்ததைப்போலவே முழங்காலிட்டுச் சருகுக்குள் கையை விட்டார். பாதி உக்கிய ஒரு வீரை இலையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் சருகு எவடத்தையான்?" என்று கேட்டார். குரலில் ஒன்றுமில்லை.

வீரகத்தி வாய் திறக்குமுன் கமலாசனி சொன்னாள்: "காட்டிலையிருந்து இவர்தான் வண்டில் வண்டிலாக் கொண்டந்து பரப்பினவர் மிஸ். உங்கடை பெர்மிற் இருந்தபடியால் ஒருத்தரும் மறிக்கேல்லை. உங்களுக்குத்தான் நாங்கள் நன்றி சொல்லவேணும்."

மிஸ் எழும்பிக் கையைத் தட்டினார். "நல்ல காய்" என்றார்.

சாப்பிட இருந்தார்கள். முருங்கைக்காய்க் குழம்பும் குளத்து மீன் பொரியலும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கமலாசனி சமைத்திருந்தாள். மிஸ் அவளோடு கதைத்துக்கொண்டே சாப்பிட்டார். சமையல் நன்றாயிருக்கிறது என்று சொன்னார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பெண்பிள்ளை அவன் வீட்டில், கமலாசனியின் மனம் நோகக்கூடாதென்று அவன் களவை மறைத்துக்கொண்டு சோறு தின்கிறாள் என்ற நினைப்பு அவனைத் தின்றது.

வேலிப் படலையடியில் மிஸ் சைக்கிளைப் பிடித்தபோது அவன் பின்னால் போனான்.

"மிஸ்."

"சருகைப் பற்றியெண்டால் ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றார் அவர், திரும்பாமல். "விளங்கீட்டுது. பேணியைச் சுத்தி மட்டும் விட்டிட்டு அள்ளியிருக்கிறியள். நான் அளக்கிற இடம் உங்களுக்குத் தெரியும்."

"அது மட்டுமில்லை மிஸ்." அவன் படலையைப் பிடித்துக்கொண்டான். "கிறகோரியண்ணை ஒவ்வொரு கிழமையும் உள்ளுக்குப் போனவர். ஒரு கிழமையும் தவறேல்லை. நான் என்ரை கண்ணாலை கண்டனான். அண்டைக்குக் கடையிலை நான்... நான் பொய் சொன்னனான்."

மிஸ் சைக்கிளை வேலியில் சாய்த்தார். அவருடைய முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. கோபம் என்று வீரகத்தி முதலில் நினைத்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அவர் வேலியோரத்துக் கல்லில் இருந்தபோதுதான் அது வேறு என்று விளங்கியது.

"நான் அந்த மனிசனை அவ்வளவு பேருக்கு முன்னாலை கேட்டனான்" என்றார். "ஒரு நாள் காட்டுக்குள்ளை நாலு அடி தள்ளிச் சருகைக் கிளறிப் பாத்திருந்தால் எனக்கே தெரிஞ்சிருக்கும். அளவை நம்பினன், மனிசனை நம்பேல்லை."

எழும்பினார். "நாளைக்கு முல்லைத்தீவுக்குப் போறன். நீங்களும் வாறியள்."

கிறகோரியின் வீடு கடற்கரையில் இருந்தது. கடல் அடங்கித் தொழில் தொடங்கியிருந்தது. அவர் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி றோசம்மா மிஸ்ஸுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டாள். வீரகத்தியை இருக்கச் சொல்லவில்லை. அவனும் இருக்கவில்லை.

மிஸ் சுற்றிவளைக்காமல் தன் பிழையைச் சொன்னார். வேலைக்குத் திரும்பி வரும்படி கேட்டார். கிறகோரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "கடல் அடங்கீட்டுது மிஸ். இனி எனக்கு நேரமில்லை" என்றார், மரியாதையாக.

வீரகத்தி தொடங்கினான்: "அண்ணை, நான்தான் அந்தச் சருகை..."

"தெரியும்" என்றார் கிறகோரி.

வீரகத்தி நிமிர்ந்து பார்த்தான்.

"கிழமைக்குக் கிழமை நடந்த நிலம். வண்டில் தடம் எனக்குத் தெரியாதே தம்பி? அள்ளின இடத்திலை காலை வைச்சால் ஒரு மாதிரி, அள்ளாத இடத்திலை ஒரு மாதிரி. மார்கழியிலையே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் அண்ணை அண்டைக்கு நீங்கள் சொல்லேல்லை?"

கிறகோரி வலையிலிருந்து கையை எடுத்தார். "மிஸ் உன்னைக் கேட்டவா. நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். நீ நல்லவனெண்டு எல்லாரும் சொல்லுறவை. நான் முந்திச் சொன்னால் உன்ரை வாயாலை வாறதுக்கு இடமில்லாமல் போயிடும் எண்டு நினைச்சன்." அவர் கடலைப் பார்த்தார். "பஸ் வரும்வரையும் பாத்தனான்."

தான் ஒரு மனிதனைக் காட்டிக்கொடுத்த அதே நேரத்தில், அந்த மனிதன் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றிருக்கிறார். மன்னியுங்கள் என்ற சொல் அவனுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அது அந்த இடத்துக்குப் போதாது.

"நான் என்ன செய்யவேணும் அண்ணை?" என்று மட்டும் கேட்டான்.

கிறகோரி மறுபடி வலையைக் கையில் எடுத்தார். "என்ரை மருமகன் இன்னும் மாங்குளத்திலைதான் இருக்கிறான். அப்புத்துரை கடைக்குப் போனால், 'கடலுக்குப் பயமில்லை, கரடிக்குப் பயம்' எண்டு அவனைப் பகிடி பண்ணுறாங்கள். என்னட்டைச் சொல்லி என்ன செய்ய? அங்கை போய்ச் சொல்லு."

அடுத்த சனிக்கிழமை காலை, கடை நிறைந்திருந்த நேரம் பார்த்து வீரகத்தி போனான். வாங்கில் இருக்காமல் வாசலிலேயே நின்றான். சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். ஒரே மூச்சில் சொன்னான். சருகு, பெர்மிற், எட்டு வண்டில், கிறகோரி உள்ளே போனது, தான் பொய் சொன்னது.

யாரோ சிரித்தார்கள். மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

"உதுக்கோ இந்த எடுப்பு? எட்டு வண்டில் சருகுக்கோ?" என்றார் பரமலிங்கம் என்ற கமக்காரர். "அட, நான் மரமே தறிச்சனான்!"

"சிலந்திக்கு நட்டஈடு கட்டப்போறியோ வீரகத்தி?"

ஏசுவார்கள், முகத்தைத் திருப்புவார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தவனுக்கு இது எதிர்பாராதது. தான் சுமந்துவந்த பாரத்தை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு அவனுக்கு மன்னிப்பாகவும் இல்லை, தண்டனையாகவும் இல்லை. முன்னைவிடக் கூசிப்போய் நின்றான்.

"சருகை விடுங்கோ" என்றான். "ஒரு மனிசனைப் பொய்காரன் ஆக்கினது நான். நீங்கள் எல்லாரும் என்ரை கதையை நம்பித்தான் அவரைச் சிரிச்சனீங்கள்."

சிரிப்பு அடங்கியது. அப்புத்துரை அடுப்புப் பக்கம் திரும்பி, கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கிளறினான். ஒருவரையும் பாராமல், "நான்தான் முதல்லை சொன்னது" என்றான். அதற்குப் பிறகு அந்தக் கடையில் கரடிப் பகிடி கேட்கவில்லை.

மிஸ் அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. சருகைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடட்டுமா என்று அவன் கேட்டதற்கு, "உக்கினது இனி அங்கை போய் முந்திமாதிரிக் கிடக்காது அண்ணை" என்றார். அதற்குப் பதிலாக எந்த எந்த நாள், எந்த மூலையில், எத்தனை வண்டில் எடுத்தான் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினார். தன் களவை ஒருவர் இவ்வளவு பொறுமையாக, கோபமில்லாமல், நாள்நாளாகக் கேட்டு எழுதுவது எவ்வளவு கடுமையான காரியம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அந்த இடம் இனி நாலாவது இடம், சருகு அள்ளிய இடம் என்றார் மிஸ். பழங்காட்டில் வேறொரு மூலையில் புதிதாகப் பன்னிரண்டு பேணி புதைத்தார்கள்.

மூன்று வருடம் வீரகத்தி கிழமைக்குக் கிழமை போனான். காய்ச்சலோடும் போனான், யானை நிற்கிறதென்று காவலர் மறித்த நாளிலும் சுற்றிப் போனான். முதல் வருடம் முழுக்கச் சருகு அள்ளிய நிலத்தில் சிலந்தியின் எண்ணிக்கை பத்தைத் தாண்டவில்லை. ஒரு கோடை இலை விழுந்து, ஒரு மாரியில் நனைந்து, மறு கோடை அதன்மேல் விழுந்தது. பிறகுதான் சருகுக்குள் கைவிட்டால் விரல் நுனியில் கொஞ்சம் குளிர் பட்டது. பதினைந்து, பதினெட்டு. மூன்றாம் வருட முடிவில் இருபத்தாறு. பழைய நாற்பது வரவில்லை. மேட்டுக்காணியில் அவன் மறுபடி காட்டுச் சருகு பரப்பவில்லை. வைக்கோலும் சாணியும் போட்டான். மிளகாய் நடுத்தரமாய் வந்தது. கமலாசனி இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, பிறகு கதைத்தாள்.

அறுபத்தாறில் மிஸ்ஸின் ஆராய்ச்சி புத்தகமாக வந்தது. மூன்று பிரதியோடு மாங்குளத்துக்கு வந்தார். ஆங்கிலத்தில் இருந்ததை அவரே தமிழில் சொல்லி விளங்கப்படுத்தினார். நாலாவது இடத்தைப் பற்றி, "மனிதரால் சருகு அகற்றப்பட்ட நிலம்" என்று எழுதியிருந்தார். எந்த மனிதர் என்று எழுதவில்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் மட்டும் பேர்கள் இருந்தன. முதலில் கிறகோரி. அடுத்தது வீரகத்தி.

"என்ரை பேரை எடுத்துவிட்டிருக்கலாம் மிஸ்" என்றான் வீரகத்தி.

"மூண்டு வரியம் பேணி பாத்தது ஆர்?" என்றார் மிஸ். "முதல் பேர் யாருடையது எண்டு பாத்தியள்தானே. அது எனக்குப் போதும்."

ஒரு பிரதியைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு வீரகத்தி தனியே முல்லைத்தீவு பஸ் ஏறினான். கிறகோரியின் தலை நரைத்திருந்தது. புத்தகத்தை வாங்கி, கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, நன்றிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. மிஸ் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுத்திருந்தார்.

"இது நீங்கள் அண்ணை" என்று வீரகத்தி விரலை வைத்தான்.

"உன்ரை எது?"

வீரகத்தி விரலை ஒரு வரி கீழே நகர்த்தினான். அந்த ஒரு வரி தூரத்துக்குள் அவனுடைய காது சிவந்துவிட்டது.

கிறகோரி இரண்டு பெயர்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி அவனிடமே நீட்டினார். "நீயே வைச்சிரு தம்பி. இஞ்சத்தை உப்புக் காத்துக்குத் தாள் நிக்காது."

அது மன்னிப்பா, மறுப்பா என்று வீரகத்திக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. வெளிக்கிடும்போது றோசம்மா உள்ளேயிருந்து பனையோலையில் கட்டிய ஒரு பொதியைக் கொண்டுவந்து, "வீட்டிலை குடுங்கோ" என்று அவன் கையில் வைத்தாள்.

பஸ்ஸில் புத்தகத்தை மடியிலும் பொதியைக் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்தான். படலையைத் திறக்கும்போதே கமலாசனி கேட்டாள்: "என்ன சொன்னவர்?"

வீரகத்தி பொதியை அவளிடம் நீட்டினான்.

"கருவாடு தந்தவை" என்றான்.